மணிக்கு எங்கே இடம்?

நாயைப் பற்றி எழுதுவதற்கா இந்தப் பகுதி என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். சம்பளம், போனஸ், சொக்சோ, வீடு என்று வாரா வாரம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வாரம் ஒரு நாயையும், ஒரு மரத்தடியையும், ஒரு பெரியம்மாவையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்து முடித்த பிறகு இது சங்க விஷயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பெஸ்தாரி ஜெயாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்தில் கூட்டம் போட்டோம். (பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றிவிட்டார்கள். நம் ஜனங்களுக்கு இன்றைக்கும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) தோட்டத்தை மூடப் போகிறோம், லயங்களைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். நாற்பது குடும்பம்கூட இல்லை. முக்கால்வாசிப் பேர் வேலையை விட்டு ஓய்ந்துபோன வயசாளிகள். நான் கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு எட்டு வாரம் நோட்டீஸ். 1980-ஆம் ஆண்டு விதிப்படி அவர்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். மாற்று வீடு. கோயிலுக்கு நிலம். பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ். சுடுகாட்டுக்கு வழி. எல்லாம் முடித்து, "வேறு யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றேன்.

தூண் ஓரமாக ஒரு பெரியம்மா எழுந்தார். எழுபது தாண்டியவர். முப்பது வருஷம் கித்தாக்காட்டில் பால் வெட்டியவர், அதன் பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியவர்.

"தம்பி, எல்லாம் சொன்னே. மணிக்கு எங்கே இடம்?"

மணி யார் என்று கேட்டேன். காலடியில் படுத்திருந்த செவலை நாயைக் காட்டினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "பெரியம்மா, முதல்ல மனுஷனுக்கு இடம் பார்ப்போம்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றைய கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை. எழுதாமல் விட்டவன் நான்தான்.

சிரிக்கத் தகுதியில்லாதவன் நான். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். விடியாத நேரத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியும் தோளில் காண்டாவுமாக நிரைக்குப் போகும்போது எங்கள் வீட்டுக் கருப்பன் முன்னால் போகும். பாம்பு கிடந்தால் அது நின்றுவிடும். அது நின்றால் அம்மாவும் நிற்பார். காட்டுப்பன்றி வந்தால் குரைத்தே விரட்டும். பத்து மணிக்கு அம்மா மரத்தடியில் உட்கார்ந்து பசியாறும்போது பாதி ரொட்டி கருப்பனுக்கு. அந்த நேரத்தில்தான் அம்மா பேசுவார். தண்டல் திட்டியது, நிறுவையில் பால் குறைந்தது, அப்பா சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டது எல்லாவற்றையும் கருப்பனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். விடுமுறை நாளில் மங்கு துடைக்கப் போன நான் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். கருப்பனிடம் என் அம்மா சொன்னதை எல்லாம் யாராவது எழுதி வைத்திருந்தால் நாலு வழக்கு போட்டிருக்கலாம்! சங்கத்துக்கு வரும் முன்னே நம் பெண்களின் புகாரை வாங்கிக்கொண்டது நாய்தான். பதில் சொல்லாது, ஊரில் போய்ச் சொல்லவும் செய்யாது.

ஆனாலும் நம் வாயில் நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. "நாய்ப் பொழப்பு" என்போம், "நாய் படாத பாடு" என்போம். பால் வெட்டுக்காரர்கள் தங்கள் வேலைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். தோட்டம் மூடியதும் ரவாங் பக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போனார். நாலாவது மாடி. மணியையும் கூட்டிக்கொண்டுதான் போனார். பெரட்டு அடிக்கிற நேரத்துக்கு எழுந்து பழகிய நாய் அது. விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைப் பிராண்டி, திறக்கவில்லை என்றதும் குரைத்திருக்கிறது. முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் முனகினார்கள். மூன்றாவது வாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது, மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும் என்று. மகன் கெட்டவன் இல்லை. தொழிற்சாலை வேன் ஓட்டுகிற பையன், வீட்டுக் கடன் கட்டுகிறவன், வம்பு வேண்டாம் என்று நினைத்தான். ஒரு ராத்திரி மணியை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து பழைய தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் இறக்கிவிட்டுப் போனான். திரும்பிப் போகும்போது வேனுக்குப் பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓடி வந்ததாம். பிற்பாடு அவனே என்னிடம் சொல்லி அழுதான்.

அந்தக் கடிதத்தில் சட்டப்படி தப்பு ஒன்றுமில்லை. 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிகளில் அது இருக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கிற பிராணியை அடுக்குமாடியில் வளர்க்கக் கூடாது. மீறினால், எழுத்து மூலம் நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளில் அகற்ற வேண்டும். அதே 2015-இல்தான் விலங்கு நலச் சட்டமும் வந்தது. வளர்க்கிறவன் தன் பிராணிக்குச் சோறும் தண்ணீரும் இடமும் தர வேண்டும், வதைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கொடுமை செய்தால் அபராதம் 20 ஆயிரம் வெள்ளியில் தொடங்குகிறது. ஒரு சட்டம் மூணு நாளில் வெளியேற்று என்கிறது, இன்னொரு சட்டம் கைவிடாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் 650 சதுர அடி வீட்டில் நம் ஆள் நிற்கிறான். வசதி உள்ளவனுக்குத் தோட்டத்தோடு பங்களா இருக்கிறது, அவனுக்கு இந்தச் சங்கடமே வராது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டிய சமயக் கடமை உண்டு. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும்போது அது அவர்களுக்குத் தினசரிச் சங்கடம். குழந்தைகள் இருக்கிறார்கள், கடிபடும் பயம் இருக்கிறது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்ததையும், 2017 முதல் சரவாக்கில் அதனால் உயிர்கள் போனதையும் மறந்துவிட முடியாது. தோட்டத்தில் நாய் கட்டில்லாமல் திரிந்தது போல அடுக்குமாடியில் திரிய முடியாது என்பதை நாம்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போடாமல், உரிமம் எடுக்காமல், குட்டி போட்டால் சாக்கில் கட்டிப் பாசாரில் விட்டுவிட்டு வருகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

என் சண்டை அந்த வீட்டுக்காரர்களோடு இல்லை. நாலாவது மாடியில் அவரைக் கொண்டுபோய் வைத்த ஏற்பாட்டோடுதான். அந்த ஏற்பாடு நடந்தபோது மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆறு மாதம் கழித்து, பாக்கித் தொகை ஒன்றைக் கேட்பதற்காக அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரட்டுக் களத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மைலோ டின். அதில் சோறும் கருவாடும். மணி தின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, உள்ளே நடந்தே வருகிறார். மகனுக்குத் தெரியும், தடுக்கவில்லை.

"ஏன் பெரியம்மா இந்த வெயில்ல?" என்றேன்.

"மணிக்குச் சோறு போட வரேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வரேன் தம்பி. நெசத்துல எனக்குத்தான் இங்க வந்து உக்காரணும். அங்கே உக்கார எடமில்ல."

அந்த வீட்டில் சோபா இருக்கிறது. கட்டில் இருக்கிறது. காற்றாடி ஓடுகிறது. அவர் சொன்ன இடம் அதில் எதுவும் இல்லை. இந்த மரத்தடியில்தான் அவர் பதினாலு வயதில் முதல் நாள் பெயர் கொடுத்தார். இங்கேதான் கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு வரிசையில் நின்றார். இங்கிருந்து பார்த்தால் ஆயாக் கொட்டகையின் இடிந்த சுவர் தெரியும், நாலு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போன இடம். குழாயடி, கோயில் திண்ணை, ஒட்டுக்கடை, பெரிய கால்வாய்ப் பாலம் என்று எல்லாம் நூறு இருநூறு அடிக்குள். கண் தெரியாவிட்டாலும் கால் கொண்டுபோய்விடும்.

அடுக்குமாடியில் இருக்கிற நம் பெரியவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் இரண்டு முறை வேறு புளோக்கில் ஏறி, யாரோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கிறதே! தோட்டத்தில் அமாவாசை இருட்டிலும் தன் லயத்துக்குத் தப்பாமல் வந்தவர் அவர். இன்னொருவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேலையை விட்டு பதினைந்து வருஷம் ஆகியும் தோட்டத்தில் இருந்தவரை தினமும் பெரட்டுக் களத்துக்குப் போய், மற்றவர்கள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, நாயோடு ஒரு சுற்று நடந்து வருவாராம். யாரும் கூலி தராத அந்த ஒரு மணி நேரம் அவரை நடமாட வைத்திருந்தது. இப்போது சர்க்கரை கூடிவிட்டது என்று மருமகள் சொல்கிறார். சோற்றைக் குறைத்தாயிற்று, மாத்திரையைக் கூட்டியாயிற்று. நடப்பதற்கு ஒரு காரணத்தை மட்டும் எந்த கிளினிக்கிலும் எழுதித் தருவதில்லை.

2015-இல் ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து அறிவியல் ஏட்டில் எழுதினார்கள். நாயும் அதை வளர்க்கிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் பாசத்தோடு சுரக்கிற ஆக்சிடோசின் என்கிற சுரப்பு இரண்டு பேருக்கும் கூடுகிறதாம். சிறுநீரைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். என் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

இதெல்லாம் நிர்வாகங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. செம்பனைக் காட்டில் உயரமான கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அது ஆந்தைக்கு வீடு. எலியைப் பிடிக்கிறது, பழத்தைக் காப்பாற்றுகிறது, ஆகவே அதற்குக் குடியிருப்பு கட்டித் தருகிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தானுக்குப் போனால் ராத்திரியில் படகு ஏறி மின்மினி பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பெரெம்பாங் மரத்தில்தான் அவை கூட்டமாக வந்து உட்காரும். அந்த மரங்களை வெட்டினால் மின்மினியும் போய்விடும் என்று தெரிந்துதான் ஆற்றங்கரையைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். ஒரு பூச்சிக்குத் தன் மரம் வேண்டும் என்பதை இந்த நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அறுபது வருஷம் ஒரே மரத்தடியில் நின்ற பெண்ணுக்கு அது வேண்டும் என்று சொன்னால் மட்டும், "ரொம்பப் பாசம் காட்டாதீங்க தலைவரே, நடக்கிறதைப் பேசுங்க" என்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் முனியாண்டி சாமி மேடை ஒன்று இருந்தது. காவல் தெய்வம், பக்கத்தில் சுதையில் செய்த நாய். கோயிலை இடம் மாற்றியபோது பூசாரி முறைப்படி பாலாலயம் செய்து, தேங்காய் உடைத்து, முனியாண்டியை லாரியில் ஏற்றினார். நாய்ச் சிலையையும் வைக்கோல் சுற்றிப் பத்திரமாக ஏற்றினார்கள். காது உடையக்கூடாதே என்று இரண்டு பிள்ளைகள் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் உயிரோடு நாலைந்து நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. நானும் அங்கேதான் நின்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பாரதக் கதையின் கடைசியை நம் கோயில்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! தம்பிமார்களும் பாஞ்சாலியும் வழியிலேயே விழுந்துவிட, தருமர் ஒருவர்தான் மேலே போகிறார், கூடவே ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நீ ஏறு, நாயை விட்டுவிட்டு வா என்கிறான். என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். அந்த நாய் யாரென்று பிறகுதான் தெரிகிறது, தருமதேவதையே அப்படி வந்திருக்கிறது. கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற நாம், மறுநாள் ஒரு பெரியம்மா அதே கேள்வியைக் கேட்டால் சிரிக்கிறோம்.

இருக்கட்டும். இப்போது கணக்குக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கிற தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும். சுமார் 2,700 சதுர அடி. எத்தனை தோட்டத்தில் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. வெள்ளைக்காரன் நம்மேல் உள்ள அன்பால் அதை எழுதவில்லை, ஆள் ஓடிப்போகாமல் இருக்க எழுதினான். ஆனாலும் தொழிலாளி என்றால் அவனோடு ஒரு முருங்கை மரமும் ஒரு மாடும் இருக்கும் என்பதாவது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு மாற்று வீடு என்று நீட்டுகிற மலிவு அடுக்குமாடி 650, 700 சதுர அடி. அதில் செடிக்கு இடம் குளியலறை ஜன்னலில்தான்.

மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பால்மாடு வளர்க்காத லயமே ஒரு காலத்தில் இல்லை. அந்தப் பால்காசில் படித்து வாத்தியாரானவர்கள் பலர். கித்தா போய்ச் செம்பனை வந்ததும் இளங்கன்றைக் கடிக்கிறது என்று மாட்டுக்குத் தடை போட்டார்கள். தோட்டம் மூடுகிறபோதோ அதைவிட மோசம். விற்றே ஆக வேண்டும் என்று வாங்க வருகிறவனுக்குத் தெரியும், பாதி விலைதான் கேட்பான். இழப்பீட்டுத் தாளில் மாட்டுக் கொட்டகைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. விற்றுவிட்டு வந்த ஒரு அக்கா, லெட்சுமியை ஏற்றிப்போன லாரியின் நம்பரை இன்றைக்கும் சொல்கிறார்.

அடுக்குமாடி வேண்டாம், தரைவீடு வேண்டும் என்று நம் மக்கள் கேட்பதை அடம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்ராஜெயா கட்டுவதற்காக 1990-களில் பெராங் புசார், கேலவே, மாடிங்லி, செட்ஜ்லி தோட்டத்து மக்கள் வெளியேறினார்கள். டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் வைத்தார்கள். சுவரில் விரிசல் விட்ட அந்தக் கட்டடங்களில் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. தரைவீடு தருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். நம் வட்டாரத்தில் மேரி தோட்டம், நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு மனுவோடு அலைந்தன. 2023-இல்தான் அரசாங்கம் வீடு கட்டித் தருவதாக அறிவித்தது. இந்த இடைவெளியில் எத்தனை பெரியவர்கள் கண் மூடினார்கள்! அந்தக் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். கல்லையும் சிமென்ட்டையும் மட்டும் கேட்கிறவர்களாக எனக்குத் தோன்றவில்லை. வாசல் வேண்டும் என்கிறார்கள். வாசலில் கோலம் போடலாம், நாற்காலி போட்டு உட்காரலாம், நாயைக் கட்டலாம். பக்கத்துக் லயத்துக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே வருவார்கள்.

பிராணியை ஏற்பாட்டில் சேர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2005-இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் வந்தபோது, நாய் பூனையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்றதால் பல பேர் வீட்டை விட்டு வர மறுத்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். மறு ஆண்டே அந்த நாட்டில் சட்டம் வந்தது, மக்களை வெளியேற்றும் திட்டம் போடுகிறபோது அவர்களின் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும் என்று. புயலில் அடித்துப் போகிறவனுக்கு இருக்கிற நியாயம், கடிதம் போட்டு வெளியேற்றப்படுகிறவனுக்கு இல்லையா? அவனுக்காவது ராத்திரியில் வந்த வெள்ளம். நமக்கு எட்டு வாரம் அவகாசம் இருந்தது. நான் அதில் ஒரு மணி நேரம் இதற்காக ஒதுக்கியிருந்தால் போதும்.

என்ன செய்திருக்கலாம்? பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலில் கணக்கெடுத்திருக்கலாம், எந்த வீட்டில் என்ன பிராணி என்று. கால்நடை இலாகாவைக் கூப்பிட்டு எல்லா நாய்க்கும் ஒரே நாளில் தடுப்பூசி போட வைத்திருக்கலாம், கருத்தடையும் கேட்டிருக்கலாம். வயசாளிகளுக்குத் தரைத்தளத்து வீடு என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருக்கலாம். மாடு வைத்திருப்பவர்களுக்கு, நிதானமாக நல்ல விலைக்கு விற்க ஆறு மாதத் தவணையும் கொட்டகைக்கு இழப்பீடும் கேட்டிருக்கலாம். கூட்டிப்போக முடியாத நாயை வாங்கிக்கொள்ள ஆள் தேடியிருக்கலாம். பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள், கோழிப் பண்ணைக்காரர்கள் காவலுக்கு நாய் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்து மரத்தை வெட்டாமல் விடுங்கள், வருஷத்துக்கு ஒரு நாள் திருவிழாவுக்கு வந்து அடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் என்று கேட்டிருக்கலாம். நிலத்தை வாங்கியவன் அங்கே வீடு கட்டி விற்கும்போது, பழைய மரம் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டுக் காசாக்கிக்கொள்வான், அவனுக்கும் நஷ்டமில்லை. இவற்றில் பாதி கிடைத்திருக்காது என்று எனக்கும் தெரியும். கேட்டுக் கிடைக்காமல் போவது வேறு, கேட்காமலே விட்டது வேறு.

மணி உயிரோடுதான் இருக்கிறது. லயங்களை இடித்தபோது காணாமல் போய், நாலு நாள் கழித்து கேட்டுப் பக்கம் வந்து படுத்ததாம். அங்கே காவலுக்கு இருக்கிற நேப்பாளத்துத் தம்பி தன் சோற்றில் பங்கு வைக்கிறார். தீபாவளி சமயத்தில் நான் போனபோது மணியின் கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் சிவப்புப் பொட்டு! யார் போட்டது என்றேன். அவர்கள் ஊரில் அந்த நாட்களில் ஒரு நாள் நாய்க்கென்றே திருநாளாம், மாலை போட்டுக் கும்பிடுவார்களாம். ஊரை விட்டு, வீட்டை விட்டு வந்து தகரக் கொட்டகையில் கிடக்கிற பையன். அவனுக்கும் தெரிந்த முகம் என்று இங்கே மணி ஒன்றுதான். அவன் ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடிகிறது.

பெரியம்மா இப்போது மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார். முட்டி வலி. வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து, மகன் வீட்டுக் கதை, மருமகள் கதை, எல்லாவற்றையும் மணியிடம் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போகிறார். போன முறை நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றியும் ஏதோ சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை.

வருகிற மாதம் புக்கிட் ரோத்தான் பக்கம் வேறொரு தோட்டத்தில் இதே மாதிரி கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கும் கடிதம் வந்துவிட்டது. குடும்ப விவரப் படிவத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறோம். பெயர், அடையாளக் கார்டு எண், வேலை செய்த வருஷம் எல்லாம் பழையபடிதான். ஒன்பதாவது கேள்வி மட்டும் புதிது: வீட்டில் என்னென்ன பிராணி, எத்தனை? கூட்டத்துக்கு வருகிற தோழர்கள் அதைக் காலியாக விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் வைத்திருந்தால் பெயரையும் எழுதுங்கள். அதற்கும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம்.